மாரன்ட்ஸ் 7-இன் மூடியைத் திறந்தால்



1948-இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நீண்ட இசைத்தட்டை அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. தட்டு புதிது, தலைவலியும் புதிது. இந்த வகைத் தட்டில் பேஸைக் குறைத்து, டிரெபிளைத் தூக்கித்தான் பள்ளம் வெட்டுவார்கள். பேஸை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் அகலமாக அலைந்து பக்கத்துப் பள்ளத்தை முட்டும். டிரெபிளைத் தூக்காமல் விட்டால் ஊசி உராயும் இரைச்சலில் அது முங்கிப்போகும். வீட்டில் கேட்கும்போது இதைத் தலைகீழாகத் திருப்பிச் சமன்செய்ய வேண்டும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு தூக்குவது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு. ஒரு கம்பெனியின் தட்டுக்கு இதமாகப் பாடிய பெட்டி, அடுத்த கம்பெனியின் தட்டைப் போட்டதும் கீச்சிடும், அல்லது மூக்கடைத்ததுபோல் ஒலிக்கும்.

நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதியில் வாழ்ந்த சால் மாரன்ட்ஸ் ஒரு தொழில்முறை வடிவமைப்பாளர். கிட்டார் வாசிப்பார், மின்சாதனங்களைப் பிரித்து மேய்வதில் பித்து. தன் மெர்குரி காரிலிருந்து ரேடியோவைக் கழற்றி வீட்டுக்குள் பொருத்திக்கொண்டவர் என்று அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் இன்றும் பெருமையாகச் சொல்லும். கம்பெனிக்கு ஒரு கணக்கு என்ற குழப்பத்துக்கு அவர் கண்ட வழி, எல்லாக் கணக்குகளையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து முகப்பில் குமிழ் வைப்பது. 1950களின் தொடக்கத்தில் வந்த அந்தப் பெட்டிக்கு ‘ஆடியோ கன்சோலெட்’ என்று பெயர். தனக்காகச் செய்தது தொழிலாக மாறியது.

1954-இல் அமெரிக்கத் தட்டு உற்பத்தியாளர் சங்கம் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒரே கணக்குக்கு எல்லோரையும் கொண்டுவந்தது. 1958-இல் ஸ்டீரியோ தட்டு கடைக்கு வந்தது. அதையொட்டி மாரன்ட்ஸ் வெளியிட்ட ‘மாடல் 7’ என்ற ஸ்டீரியோ பிரீஆம்ப்தான் இந்தச் சொற்பொழிவின் நாயகன். சிட்னி ஸ்மித் என்ற பொறியாளர் வரைந்த சுற்று அது. உள்ளே ஆறு 12ஏஎக்ஸ்7 வால்வுகள். ஐரோப்பாவில் இதே வால்வுக்கு ஈ.சி.சி.83 என்று பெயர். பழைய குழப்பத்தின் சுவடாக, புதிய ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கோடு பழைய கொலம்பியா தட்டுக்கு ஒன்று, 78 சுற்றுத் தட்டுக்கு ஒன்று என மூன்று நிலைகள் கொண்ட சுவிட்சும் உண்டு. நிறுவனம் பின்னாளில் ‘10பி’ என்ற எஃப்.எம். டியூனரைச் செய்யப்போய்ப் பணத்தைக் கரைத்து, 1964-இல் சூப்பர்ஸ்கோப் கைக்கு மாறியது தனிக் கதை. மாடல் 7 மட்டும் மவுசு குறையாமல் நிற்கிறது. நல்ல நிலையில் உள்ள ஒன்று இன்று பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகிறது. 1990களில் அதே நிறுவனம் அதன் மறுபதிப்பையும் விற்றது.

அறுபது வயது தாண்டிய ஒரு பெட்டிக்கு இந்த விலை நியாயமா? கேட்பவர் இரு கட்சியாகப் பிரிவார்கள். அந்தக் காலத்துச் சரக்கு மாதிரி வருமா என்பது ஒரு கட்சி. ஐயாயிரம் ரூபாய் சில்லுப் பெட்டி அதைவிடத் துல்லியமாக அளக்கிறதே என்பது மறு கட்சி. இரண்டுமே மூடியைத் திறக்காமல் பேசும் பேச்சு. திறந்து பார்த்தால், உள்ளே வேலைகள் தனித்தனியாக நடப்பதும், ஒவ்வொரு வேலைக்கும் காலம் வேறு மாதிரி தீர்ப்பு எழுதியிருப்பதும் தெரியும்.

இசைத்தட்டு வேலையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். அதை நூறு மடங்கு பெருக்கி, கூடவே ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கின்படி பேஸைத் தூக்கி டிரெபிளைக் குறைக்க வேண்டும். 20 ஹெர்ட்ஸுக்கும் 20,000 ஹெர்ட்ஸுக்கும் நடுவே இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 39 டெசிபெல். பிரீஆம்ப் செய்யும் வேலைகளிலேயே கடினமானது இதுதான். வியப்பு என்னவென்றால், பழைய பெட்டிகள் இன்றும் தலைநிமிர்ந்து நிற்பதும் இதே இடத்தில்தான்.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. எந்த ரெசிஸ்டரும் சும்மா இருக்கும்போதே தன் வெப்பத்தால் சிறு இரைச்சலை எழுப்பும். அறை வெப்பத்தில் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் எழுப்புவது, காது கேட்கும் எல்லைக்குள், சுமார் அரை மைக்ரோவோல்ட். கார்ட்ரிட்ஜின் கம்பிச்சுருளும் அதோடு இணையும் 47 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவை. இரைச்சலே இல்லாத ஒரு மாய ஆம்ப்ளிஃபயரை மாட்டினாலும், 5 மில்லிவோல்ட் சிக்னலுக்குக் கீழே சுமார் 80 டெசிபெல்லைத் தாண்டிப் போக முடியாது. நல்ல தட்டின் பள்ளமே 60, 70 டெசிபெல் அளவில் உராய்ந்து இரைகிறது. நன்றாக இயங்கும் ஒரு வால்வு பிரீஆம்ப்பின் இரைச்சல் இந்த உராய்வுக்கு அடியில் அடங்கிவிடும். 2020களில் எந்த மேதை வந்து எந்தச் சில்லைச் செய்தாலும், மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜுக்கு அவர் கூட்டித் தரக்கூடியது சில டெசிபெல்தான். அதுவும் தட்டில் ஊசி இறங்கியதும் காணாமல் போகும்.

மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் என்றால் கதை மாறும். ஜப்பானின் ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யோடு சேர்ந்து டெனான் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘டி.எல்-103’ இன்றும் உற்பத்தியில் இருக்கும் அதிசயம். அது தருவது வெறும் 0.3 மில்லிவோல்ட், அதாவது முன்னதைவிட 24 டெசிபெல் குறைவு. இந்தப் பலவீனமான சிக்னலை நேரே 12ஏஎக்ஸ்7 வால்வுக்குள் விட்டால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலோடுதான் பாட்டு வரும். நடுவில் ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. அன்றைய ஆட்களும் அதைத்தான் வைத்தார்கள்.

டிரான்சிஸ்டர் வந்த பிறகு எல்லாம் ஒரே நாளில் சீராகிவிடவில்லை. 1964-இல் ஜே.பி.எல். வெளியிட்ட ‘எஸ்.ஜி.520’, பாராகன் ஸ்பீக்கரை வடிவமைத்த ஆர்னால்ட் வுல்ஃபின் கைவண்ணம். குமிழ்களுக்குப் பதில் நெடுக்காக ஏறி இறங்கும் ஸ்லைடர்கள், பார்த்தால் விண்கலத்தின் பலகை மாதிரி. உள்ளே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். சிலிக்கான் டிரான்சிஸ்டரைவிட இரைச்சல் கூடியவை, சூட்டுக்கு அஞ்சுபவை. அளவுக்கருவியோடு உட்கார்ந்தால் அதற்குப் பாஸ் மார்க் போட மனம் வராது. ஆனால் ஜப்பானில் இச்சினோசெகி நகரில் ஷோஜி சுகவாரா 1970-இல் தொடங்கிய ‘பேசி’ என்ற ஜாஸ் காபிக்கடை, இந்த எஸ்.ஜி.520-ஐ வைத்துக்கொண்டே உலகெங்கும் பேசப்படும் ஒலியைப் பல பத்தாண்டுகள் தந்தது. தட்டு, ஊசி, ஸ்பீக்கர், அறை, வால்யூம் எல்லாம் ஒரே மனிதர் கையில் பல்லாண்டு பதப்பட்டால், பிரீஆம்ப்பின் குறைகூட அந்த இடத்தின் குணமாகிவிடுகிறது. இதைக் கேட்டுவிட்டு எஸ்.ஜி.520 ஒன்றைத் தேடி வாங்குபவருக்கு அந்தக் கடையின் ஒலி பார்சலில் வந்துவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் மொத்தத் தொழிலும் டிரான்சிஸ்டருக்குத் தாவியபோது, மினியாபொலிஸில் வில்லியம் ஜான்சன் என்பவர் 1970-இல் ஆடியோ ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கி வால்விலேயே நின்றார். 1972-இல் வந்த அவருடைய ‘எஸ்.பி-3’, ஆடியோ பித்தர்கள் மத்தியில் வால்வுக்கு இரண்டாவது வாழ்வு தந்தது. பழைமை மோகத்தில் அவர் இதைச் செய்யவில்லை. அன்றைய டிரான்சிஸ்டர் சுற்றுகள் உண்மையாகவே சுமாராக இருந்தன. 1968-இல் வந்த 741 என்ற புகழ்பெற்ற சில்லை எடுத்துக்கொண்டால், அதன் மின்னழுத்தம் ஒரு மைக்ரோ விநாடிக்கு அரை வோல்ட்தான் ஏறும். 20,000 ஹெர்ட்ஸில் 5 வோல்ட் உச்சம் தொட மைக்ரோ விநாடிக்கு 0.63 வோல்ட் ஏற வேண்டும். ஓட முடியாதவனை ஓடச் சொன்னால் மூச்சு வாங்கும் அல்லவா, அதுதான் நடந்தது. ஃபின்லாந்துப் பொறியாளர் மாட்டி ஓட்டாலா 1970-இல் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களின் இந்த வகைக் கோளாறைப் பற்றி எழுதியது பெரிய விவாதத்தையே கிளப்பியது.

1979-இல் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்தின் ‘என்.ஈ.5532’ வந்தது. மைக்ரோ விநாடிக்கு 9 வோல்ட், குறைந்த இரைச்சல், மலிவு விலை. ஒலிப்பதிவுக் கூடங்களின் மிக்சர்களில் அது புகுந்து நிறைந்துவிட்டது. 1980க்குப் பிறகு நாம் கேட்ட பெரும்பாலான பாடல்கள் இந்தச் சில்லையோ இதன் உறவினர்களையோ டஜன் கணக்கில் கடந்து வந்தவை. அப்படி வந்த பாட்டைக் கேட்க, சில்லே இல்லாத பிரீஆம்ப்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

இசைத்தட்டை விட்டு மற்ற ஒலிமூலங்களுக்கு வந்தால் பழைய பெட்டியின் நிலைமை தடுமாறுகிறது. 1967-இல் இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் பீட்டர் வாக்கரின் நிறுவனம் வெளியிட்ட ‘குவாட் 33’ நல்ல உதாரணம். அதன் ரேடியோ இணைப்பு எதிர்பார்ப்பது 100 மில்லிவோல்ட். 1982-இல் சோனி முதல் சி.டி. பிளேயரைக் கடைக்குக் கொண்டுவந்தபோது அதன் வெளியீடு 2 வோல்ட் என்று நிலைபெற்றது. இன்றைய டிஜிட்டல் கருவிகளும் அதே அளவுதான், சில அதற்கும் மேல். தேவைக்கு இருபது மடங்கு! விளைவு, வால்யூம் குமிழைச் சற்றே தொட்டதும் வீடு அதிரும். மீதி முக்கால் வட்டம் வீண். அந்தத் தொடக்கக் கோணத்தில்தான் இரட்டை வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரின் இரு பக்கமும் ஒத்துப்போகாது. இடப்பக்கம் கொஞ்சம் கூடி, வலப்பக்கம் கொஞ்சம் குறைந்து, பாடகர் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்பார். ‘பழைய குவாட் சி.டி.க்குச் சரிப்படாது’ என்ற பேச்சின் வேர் பெரும்பாலும் இவ்வளவுதான். முன்னால் இரண்டு ரெசிஸ்டர் வைத்துச் சிக்னலைக் குறைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

பின்பக்கமும் இதே கதை. குவாட் 33 வெளியே தருவது அரை வோல்ட், அதன் ஜோடியான 303 பவர் ஆம்ப்புக்கு அது போதும். இன்றைய பவர் ஆம்ப்கள் பலவற்றுக்கு முழு வலுவோடு பாட ஒன்று முதல் இரண்டு வோல்ட் வேண்டும். வால்வு பிரீஆம்ப்களில் இன்னொரு பொறி. அன்றைய வால்வு பவர் ஆம்ப்பின் உள்வாங்கும் மின்தடை 470 கிலோ ஓம் மாதிரி பெரிய எண்ணாக இருக்கும். அதனால் பிரீஆம்ப்பின் கடைசியில் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் போதும், 3.4 ஹெர்ட்ஸ் வரை பேஸ் இறங்கும். அதே கண்டன்சரோடு 10 கிலோ ஓம் உள்ள இன்றைய பவர் ஆம்ப்பை இணைத்தால் 159 ஹெர்ட்ஸிலேயே பேஸ் சரியத் தொடங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பி காற்றில் கரைந்துபோகும். டேவிட் ஹாஃப்லரின் டைனாகோ நிறுவனம் 1960-இல் உதிரிப் பாகங்களாக விற்ற ‘பாஸ்’ வரிசை பிரீஆம்ப்கள் இந்தப் பிணக்குக்குப் பேர்போனவை. ‘வால்வு ஒலி மென்மை’ என்று கொண்டாடப்படுவதிலும், ‘வால்வு ஒலி சோகை’ என்று ஏசப்படுவதிலும் ஒரு பங்கு இந்த ஜோடிப் பொருத்தக் கோளாறுதான்.

வால்வின் குணம் என்று மந்திரம்போலச் சொல்லப்படுவதில் எவ்வளவு சாதாரண மின்னியல் என்பதை 1985-இல் பாப் கார்வர் காட்டினார். ‘ஸ்டீரியோஃபைல்’ இதழின் ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த பவர் ஆம்ப் ஒன்றின் வெளியீட்டை, தன்னுடைய மலிவான டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்பின் வெளியீட்டோடு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தபடியே, மீதி 70 டெசிபெல் அளவுக்குத் தேயும்வரை சுற்றைத் திருத்தினார். கேட்ட ஆசிரியர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அது பவர் ஆம்ப், பிரீஆம்ப் இல்லை என்பது சரிதான். ஆனாலும் பழைய பெட்டியின் ‘ஆன்மா’ பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சம்பவத்தைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

சரி, எதிர்க்கட்சி என்ன சொல்கிறது? நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரின் பெஞ்ச்மார்க் நிறுவனம் ‘எல்.ஏ.4’ என்ற பிரீஆம்ப் விற்கிறது. அதில் வால்யூமை மாற்றுவது பொட்டென்ஷியோமீட்டர் அல்ல, அரை டெசிபெல் அரை டெசிபெல்லாகத் தாவும் ரிலேக்கள். இடம் வலம் பிசகுக்கு வழியே இல்லை. இரைச்சலும் உருச்சிதைவும் அளவுக்கருவியின் எல்லையைத் தொடுகின்றன. 0.1 சதவீத உருச்சிதைவு பெருமையாக இருந்த காலத்துப் பெட்டியை இதன் பக்கத்தில் வைத்து எண்களை ஒப்பிடுவதே அபத்தம். சி.டி.யும் கணினியும் மட்டும் கேட்பவர், இசைத்தட்டே இல்லாதவர், மாடல் 7-க்குப் பல ஆயிரம் டாலர் கொடுத்தால் அது தளவாட அழகுக்கும் பெயருக்கும் கொடுத்த விலை. அதில் தப்பொன்றும் இல்லை, தெரிந்து கொடுத்தால் சரி.

வயது என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் கொஞ்சம் பிரிக்க வேண்டும். சுற்று வரைபடத்துக்கு வயதாவதில்லை. வயதாவது உதிரிப் பாகங்களுக்கு. அவற்றில் முதலில் சாவது எலக்ட்ரோலிடிக் கண்டன்சர். உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்துபோவதுதான் அதன் நோய். சாதாரண ரகத்தின் மேல் 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். வெப்பம் பத்து டிகிரி குறையும் ஒவ்வொரு முறையும் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. பெட்டிக்குள் 40 டிகிரி என்றால் சுமார் 45,000 மணி, நாளுக்கு நாலு மணி நேரம் கேட்டால் முப்பது வருடம். சென்னையின் மே மாதத்தில், மின்விசிறி படாத மர அலமாரிக்குள் வால்வுப் பெட்டி இருந்தால் 55 டிகிரி எளிதில் தொடும். அப்போது 16,000 மணி, அதாவது பதினோரு வருடம். குளிர்நாட்டுக்காரர் ‘இருபது வருடமாகத் தொடவே இல்லை’ என்று பெருமை பேசுவதை நம் ஊரில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாடல் 7-இல் இன்னும் சில நோயாளிகள் உண்டு. செலினியம் ரெக்டிஃபயர் வயதாக ஆக மின்தடை கூடி மின்னழுத்தத்தைக் குறைக்கும், எரிந்தால் சகிக்க முடியாத நாற்றம் வரும். வண்ணப்பட்டை போட்ட ஸ்ப்ரேக் கண்டன்சர்கள், பம்பிள்பீ என்று செல்லப்பெயர், காலம் போகப்போகக் கசிந்து, அடுத்த வால்வுக்கு வேண்டாத மின்னழுத்தத்தை விடும். இந்த இடத்தில்தான் சேகரிப்பாளர்கள் விசித்திரமாக நடந்துகொள்கிறார்கள். கசியும் பழைய பம்பிள்பீ அப்படியே இருந்தால் ‘ஒரிஜினல்’ என்று விலை ஏறும், நல்ல புதிய கண்டன்சர் போட்டிருந்தால் விலை இறங்கும். கேட்பதற்காக வாங்குகிறவருக்கு இது லாபம். பிறர் ஒதுக்கும் பெட்டிதான் அவருக்கு வேண்டியது. டெலிஃபங்கனின் ஈ.சி.சி.83 வால்வுக்கும் இதே நிலைமை. அடிப்பாகக் கண்ணாடியில் சாய்சதுர முத்திரை தெரிந்தால் விலை எகிறும், போலிகளும் திரியும். புது வால்வு வேண்டுமென்றால் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று மூன்று நாடுகளைத்தான் உலகமே பெரிதும் நம்பியிருக்கிறது. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியைத் தடுத்தபோது கிட்டார் வாசிப்பவர்களும் ஆடியோ பித்தர்களும் ஒன்றுசேர்ந்து பதறினார்கள்.

இத்தனை நோய் இருந்தும் மாடல் 7 பிழைத்திருப்பதற்குக் காரணம், அதன் எந்தப் பாகமும் ரகசியம் இல்லை. ரெசிஸ்டர், கண்டன்சர், வால்வு, கம்பி. வரைபடம் ஊரறிந்தது. பழைய ரேடியோ பழுதுபார்த்த கை எதுவும் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து ஒரு வாரத்தில் அதை எழுப்பிவிடும். மெக்கின்டாஷின் 1963 ‘சி22’ வால்வு பிரீஆம்ப்புக்கும் இது பொருந்தும். குவாட் 33-இல் இன்னும் ஒரு படி மேல். இசைத்தட்டுக்கும் டேப்புக்கும் உரிய சுற்றுகள் செருகி எடுக்கும் சிறு அட்டைகளில் இருக்கின்றன. இசைத்தட்டு அட்டையைத் திசை மாற்றிச் செருகினால் வேறு வகைக் கார்ட்ரிட்ஜுக்குப் பொருந்தும். வாக்கர் பழுதுபார்ப்பவனை மதித்தவர். 2024-இல் குவாட் நிறுவனம் 33 என்ற பெயரையும் அந்த முகச்சாயலையும் புதுப் பெட்டிக்குச் சூட்டி மறுபடி விற்பனைக்கு விட்டது. உள்ளே எல்லாம் இன்றைய பாகங்கள்.

மாறுபட்ட உதாரணம் மார்க் லெவின்சனின் ‘எல்.என்.பி-2’. 1973-இல் வந்த இந்தப் பெட்டியோடுதான் ‘ஹை எண்ட்’ என்ற விலைவாசியே தொடங்கியது என்று சொன்னால் பெரிய மிகை இல்லை. ஒலிப்பதிவுக்கூடக் கருவிபோல இரண்டு முள்மானி, தனிப் பெட்டியில் மின்வழங்கி. முதலில் ரிச்சர்ட் பர்வென் செய்த ஆம்ப்ளிஃபயர் மாட்யூல்களும் பிறகு லெவின்சனின் சொந்த மாட்யூல்களும் வந்தன. ஜப்பானின் ஆடியோ விமர்சகர் ஃபுயுக்கி செகாவா அதைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார். இன்று கேட்டாலும் அது பழசாகத் தோன்றாத பெட்டி. ஆனால் அந்த மாட்யூல்கள் பிசினில் முழுக்கி அடைக்கப்பட்டவை. உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் போனால் அந்தக் கட்டி மொத்தமும் போனதுதான். மாற்று மாட்யூல் தேட வேண்டும், அல்லது பிசினைச் சுரண்டும் துணிச்சல்காரரைப் பிடிக்க வேண்டும். லெவின்சன் 1984-இல் தன் பெயரில் இருந்த நிறுவனத்தை இழந்து செல்லோ என்ற வேறொன்றைத் தொடங்கிவிட்டார். மாடல் 7-ஐவிடப் பதினைந்து வருடம் இளைய பெட்டி, காப்பாற்றுவது அதைவிடக் கடினம்.

நம் பக்கத்துக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று இருக்கிறது. கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான பழைய 78 சுற்றுத் தட்டுகள், கர்நாடக இசைக்காரர்களின் இளமைக் குரல்களைச் சுமந்தவை, இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அந்தக் காலத்துத் தட்டுகளில் பல, டிரெபிளைத் தூக்காமலே வெட்டப்பட்டவை. இன்றைய பிரீஆம்ப்பில் ஆர்.ஐ.ஏ.ஏ. ஒன்றுதான் இருக்கும். அதில் போட்டால் 10,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 14 டெசிபெல் வெட்டுப்பட்டு, பாடகர் கம்பளிக்குள்ளிருந்து பாடுவார். மாடல் 7-இன் 78 நிலை, அதற்கான ஊசியோடு சேர்ந்து, இந்தப் போர்வையை விலக்கும். குவாட் 33-இன் ஃபில்டர் பொத்தான்கள் கீறல் சத்தத்தை அளவாக அறுக்கும். பீட்டர் பாக்ஸண்டால் 1952-இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் எழுதிய டோன் கன்ட்ரோல் சுற்று ஏராளமான பெட்டிகளில் குடியேறி, பிறகு ‘தூய ஒலி’ என்ற பெயரில் ஹை எண்ட் பெட்டிகளிலிருந்து துரத்தப்பட்டது. துரத்தியது தவறு. மோசமாகப் பதிவான பாட்டைக் கேட்கத்தக்கதாக்க அந்த இரண்டு குமிழ்களுக்கு ஈடு இல்லை.

வாங்க நினைப்பவர் மின்சாரத்தை மறக்கக் கூடாது. ஜப்பானிலிருந்து வரும் பெட்டி 100 வோல்ட்டுக்கானது, அமெரிக்கப் பெட்டி 117 முதல் 120. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும். அறுபதுகளின் பெட்டிகள் பலவற்றில் எர்த் கம்பியே கிடையாது. அதைச் சரிசெய்துகொண்டு, கண்டன்சர் எப்போது மாற்றப்பட்டது என்று விற்பவரிடம் கேட்டு, பதில் மழுப்பலாக வந்தால் மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

இப்படிப் பார்க்கும்போது உண்மையில் அஞ்ச வேண்டியது மாடல் 7 தலைமுறையைப் பற்றி அல்ல. 1980களின் நல்ல ஜப்பானியப் பெட்டிகள் பல, தோஷிபாவின் 2எஸ்கே170 போன்ற தாழ்இரைச்சல் ஜேஃபெட்டுகளை நம்பியிருந்தன. தோஷிபா அவற்றை நிறுத்திவிட்டது. கலிஃபோர்னியாவின் லீனியர் சிஸ்டம்ஸ் அதற்கு மாற்று செய்து தருவதால் மூச்சு வருகிறது. ஆனால் 1990களுக்குப் பிந்திய ஹை எண்ட் பிரீஆம்ப்களில் ரிமோட், ஒளிரும் எழுத்துப் பலகை, எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் மைக்ரோகன்ட்ரோலர் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. அந்தச் சில்லுக்குள் எழுதிய நிரல் செய்தவரிடம் மட்டுமே இருக்கும், அவரும் கடையை மூடியிருப்பார். ஒலிச்சுற்று நூறு சதவீதம் நலமாக இருக்கும்போதே, எழுத்துப் பலகை அணைந்து, சில்லு விழிக்க மறுத்து, வால்யூம் ஏறாமல் நின்றுவிட்ட பெட்டிகள் பழுதுக்கடை அலமாரிகளில் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் வரும் 1960களின் பெட்டிக்கு நாலு கண்டன்சரும் ஒரு ரெக்டிஃபயரும் போட்டு, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.